ஆங்கிலத் தொடர்களை எழுத்தில் பிழையின்றிக் கையாளுதல்: முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கணத்தை ஓரளவு நன்றாகவே கற்றவர்கள் எழுதும் மடல்களிலும் கட்டுரைகளிலும் அறிக்கைகளிலும் கடைசிவரை எஞ்சி நிற்கும் பிழைகள் பெரும்பாலும் தனிச்சொற்களில் இருப்பதில்லை. எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருக்கும். காலமும் சரியாக இருக்கும். ஆனாலும் எங்கோ ஓரிடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்றோ 'கோப் அப் வித்' என்றோ ஒரு தொடர் வந்து, வாசிப்பவரை ஒரு கணம் தடுக்கி நிறுத்திவிடும். தொடரை நாம் சொல் சொல்லாகக் கட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆங்கிலமோ அதே தொடரை முன்பே கட்டி முடித்து, முழுதாக வைத்திருக்கிறது.

இந்த இயல்பு தமிழருக்குப் புதிதன்று. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும் என்றும், யானைக்கன்று, குதிரைக்குட்டி, கோழிக்குஞ்சு என்றும் மரபுச்சொற்களைப் பள்ளியிலேயே படித்து வந்திருக்கிறோம். மயில் ஏன் கரையக் கூடாது என்று கேட்டால், காரணம் சொல்லும் விதி எதுவும் இல்லை. எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எவ்வாறு சான்றோர் வழங்கினார்களோ அவ்வாறே வழங்குவதுதான் மரபு என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வரையறுத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் மழை 'ஹெவி' ஆகவும் காற்று 'ஸ்ட்ராங்' ஆகவும் வழங்குகின்றன. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் பொருள் விளங்கும், ஆனால் மரபு வழுவும். இப்படிச் சொற்கள் இணைபிரியாமல் சேர்ந்து வருவதைப் பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 'கொலொகேஷன்' என்ற பெயரில் ஆராய்ந்தார். ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் சொற்களைக் கொண்டே அறிகிறோம் என்று 1957ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். ஒரு தொடரைக் கற்பது என்றால் அதன் வடிவம், அதற்குப் பின் வர வேண்டிய அமைப்பு, அது பொருந்தும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பதாகும். கீழே வரும் படிகள் யாவும் இந்த மூன்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

படி 1: தொடர் எவ்வளவு இறுக்கமானது என்று பாருங்கள்

எல்லாத் தொடர்களும் ஒரே அளவு இறுக்கமானவை அல்ல. 'பை அண்ட் லார்ஜ்', 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்', 'அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்' போன்றவை முற்றிலும் உறைந்தவை. இவற்றில் ஒருமையைப் பன்மையாக்கவோ, 'தி' இருக்கும் இடத்தில் 'எ' போடவோ, நடுவில் ஓர் அடைமொழியைச் செருகவோ இடமில்லை. 'பை அண்ட் லார்ஜ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் பொருளே கிடைக்காது. அது பாய்மரக் கப்பல் ஓட்டியவர்களின் பேச்சிலிருந்து வந்தது. காற்றை எதிர்நோக்கிச் செல்லும் நிலையும் காற்றின் போக்கில் செல்லும் நிலையும் சேர்ந்து, 'எல்லா நிலையிலும்' என்ற கருத்தில் தொடங்கி, 'பொதுவாக' என்ற இன்றைய பொருளுக்கு வந்து நின்றது. இத்தகைய தொடர்களை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த வகையில் பெயர்ச்சொல்லுக்கு உரிய வினைச்சொல் மட்டும் உறுதியாக இருக்கும். காலமும் அடைமொழியும் மாறலாம். 'மேக் எ டிசிஷன்' என்பதை 'மேட் எ டிஃபிகல்ட் டிசிஷன்' என்று விரிக்கலாம். பிரித்தானிய வழக்கில் 'டேக் எ டிசிஷன்' என்றும் எழுதுவார்கள். ஆனால் 'டூ எ டிசிஷன்' என்பது எங்கும் இல்லை. பிழைக்கு 'மேக்', ஆராய்ச்சிக்கு 'டூ', குற்றத்துக்கு 'கமிட்', கவனத்துக்கு 'பே' என ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கு உரிய வினையைத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறது. தமிழில் இவற்றில் பலவற்றுக்குச் 'செய்' என்ற ஒரே வினை போதும் என்பதால், ஆங்கிலத்திலும் 'டூ' போதும் என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. 'டூ எ மிஸ்டேக்' பிறப்பது இப்படித்தான்.

மூன்றாம் வகை ஒரு சட்டகம் மட்டுமே. உள்ளே வருவதை நாமே நிரப்புகிறோம். 'நாட் ஒன்லி' வந்தால் பின்னால் 'பட் ஆல்சோ' வர வேண்டும். இரண்டையும் அடுத்து வருபவை ஒரே வகையாக இருக்க வேண்டும், அதாவது ஒன்றன்பின் பெயர்ச்சொல் வந்தால் மற்றதன்பின்னும் பெயர்ச்சொல்லே வர வேண்டும். 'ஒன் ஆஃப் தி' என்பதும் சட்டகமே. அதை அடுத்துப் பன்மைப் பெயரும், அதற்குப் பின் ஒருமை வினையும் வரும்: 'ஒன் ஆஃப் தி ப்ராப்ளம்ஸ் இஸ்'. பலவற்றுள் ஒன்று என்பதால் பெயர் பன்மை. பேசப்படுவது அந்த ஒன்றுதான் என்பதால் வினை ஒருமை. 'எ நம்பர் ஆஃப்' வந்தால் வினை பன்மை. 'தி நம்பர் ஆஃப்' வந்தால் வினை ஒருமை. முதலாவது 'பல' என்று பொருள்படுகிறது, இரண்டாவது எண்ணிக்கையையே எழுவாயாக்குகிறது.

படி 2: தொடருக்குப் பின் என்ன வர வேண்டும் என்பதை உறுதி செய்யுங்கள்

தொடரைச் சரியாக எழுதிவிட்டு அதற்கு அடுத்த சொல்லில் தவறுவதுதான் அடிக்கடி நேர்வது. இதில் 'டு' என்ற சிறு சொல்லே பெரிய தொல்லை. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வகையாக வரும். ஒன்று, வினையின் முன் நிற்கும் 'டு': 'ஹோப் டு மீட்', 'இன் ஆர்டர் டு லர்ன்'. மற்றொன்று, பள்ளியில் ப்ரிப்போசிஷன் என்று படித்த முன்னிடைச்சொல்லாக நிற்கும் 'டு': 'லுக் ஃபார்வர்ட் டு', 'வித் எ வியூ டு', 'ஆப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'வென் இட் கம்ஸ் டு'. இந்த இரண்டாம் வகைக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' ஈறு பெற்றே வர வேண்டும். ஆகவே 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதே சரி. 'டு ஹியர்' என்பது பிழை.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தொடருக்குப் பின் வினையை எடுத்துவிட்டு 'தி மீட்டிங்' என்ற பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' பொருந்துகிறது. எனவே அங்கே 'இங்' வேண்டும். 'ஹோப் டு தி மீட்டிங்' பொருந்தவில்லை. எனவே அங்கே வெறும் வினை போதும். புதிதாக எந்தத் தொடரைச் சந்தித்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

'யூஸ்ட் டு' என்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்றால் முன்பு எழுதி வந்தேன், இப்போது இல்லை என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்' என்றால் எழுதிப் பழகியிருக்கிறேன் என்று பொருள். நடுவில் 'ஆம்' வந்ததும் பொருள் முழுதும் மாறி, பின்னால் 'இங்' வந்துவிடுகிறது. ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு ஒட்டி 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

'டெஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்', 'ஆல்தோ' ஆகிய மூன்றும் ஒரே கருத்தைச் சொன்னாலும் அவற்றின் பின் வருபவை வேறு வேறு. முதல் இரண்டின் பின் பெயரோ 'இங்' ஈற்றுச் சொல்லோ வரும். 'ஆல்தோ' வந்தால் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் வரும். 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதில் உள்ள 'ஆஃப்' பழக்கத்தால் 'டெஸ்பைட்' மீதும் ஒட்டிக்கொள்ள, 'டெஸ்பைட் ஆஃப்' என்ற இல்லாத தொடர் உருவாகிறது. 'பிகாஸ்', 'பிகாஸ் ஆஃப்' ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடு: 'ஆஃப்' இருந்தால் பெயர், இல்லையென்றால் வாக்கியம்.

'சஜஸ்ட்' என்ற வினையும் கவனத்துக்கு உரியது. 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' என்பது தமிழ்க் காதுக்கு இயல்பாகத் தோன்றினாலும் ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ' அல்லது 'ஹி சஜஸ்டட் கோயிங்' என்றே எழுத வேண்டும். 'அட்வைஸ்' என்ற வினைக்கோ 'மீ டு கோ' பொருந்தும். பொருளில் நெருங்கிய இரண்டு வினைகள் அமைப்பில் இவ்வளவு விலகி நிற்பதால்தான், பொருளை மட்டும் கற்றால் போதாது என்று மீண்டும் சொல்ல நேர்கிறது.

படி 3: உள்ளே தமிழ் ஓடுகிறதா என்று தேடுங்கள்

நம் பிழைகளின் பெரும் ஊற்று இதுதான். இதை வெட்கத்துக்கு உரியதாக எவரும் கருத வேண்டாம். தாய்மொழியின் அமைப்பு இரண்டாம் மொழிக்குள் நுழைவது உலகெங்கும் எந்த மொழியினருக்கும் நிகழ்வதே. எந்தத் தமிழ் அமைப்பிலிருந்து எந்த ஆங்கிலப் பிழை பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தப் பிழை பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும்.

'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் உள்ள 'பற்றி'யே 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் வரும் 'அபௌட்'. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினை தன் செயப்படுபொருளை நேராகவே எடுத்துக்கொள்ளும். 'வி டிஸ்கஸ்ட் தி பிளான்' என்று எழுதினாலே போதும். இங்கே இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. அதே சொல் பெயராக வரும்போது 'எ டிஸ்கஷன் அபௌட் தி பிளான்' என்று முன்னிடைச்சொல் பெறுகிறது. அதைக் கேட்டுப் பழகிய காது, வினைக்கும் அதையே கேட்கிறது. இதே இரட்டை இயல்பு வேறு பல சொற்களுக்கும் உண்டு: 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்குப் பின் எதுவும் வேண்டாம், 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்குப் பின் 'ஆன்' வேண்டும், 'ரிக்வெஸ்ட்' வினையானால் 'ஃபார்' வேண்டாம், பெயரானால் வேண்டும், 'கான்டாக்ட்' வினையானால் நேராகச் செல்லும், 'இன் கான்டாக்ட்' என்று பெயரானால் 'வித்' வேண்டும். சொல் வினையா பெயரா என்ற ஒரே கேள்வி இந்தக் குழப்பங்களையெல்லாம் தீர்த்துவிடும்.

'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று எழுதுகிறோம். 'டெல் மீ', 'கிவ் மீ' ஆகியவை சரியாக இருக்க இது மட்டும் ஏன் தவறு என்று தோன்றும். 'எக்ஸ்ப்ளெயின்' என்ற வினைக்குப் பின் விளக்கப்படும் பொருளே முதலில் வர வேண்டும். கேட்பவர் 'டு' உடன் பின்னால் வருவார்: 'எக்ஸ்ப்ளெயின் தி ரூல் டு மீ'. 'அது எப்படி இருக்கும்' என்பதிலிருந்து 'ஹௌ இட் லுக்ஸ் லைக்' என்ற தொடர் பிறக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹௌ இட் லுக்ஸ்' அல்லது 'வாட் இட் லுக்ஸ் லைக்' இரண்டும் சரி. 'ஹௌ', 'லைக்' இரண்டும் ஒரே தொடரில் சேராது.

'இருவரும் வரவில்லை' என்ற வாக்கியம் தமிழில் தெளிவானது. ஒருவர்கூட வரவில்லை என்பதே அதன் பொருள். அதை அப்படியே 'போத் டிட் நாட் கம்' என்று எழுதினால், ஆங்கில வாசகர் ஒருவர் வந்தார் போலும் என்றுகூட நினைக்கலாம். 'நைதர் ஆஃப் தெம் கேம்' என்பதே ஐயமற்ற வடிவம். 'எல்லாரும் வரவில்லை' என்பதற்கும் இதே சிக்கல் உண்டு. யாருமே வரவில்லை என்றால் 'நன் ஆஃப் தெம்', சிலர் மட்டும் வந்தார்கள் என்றால் 'நாட் ஆல் ஆஃப் தெம்' என்று பிரித்து எழுத வேண்டும். அறிக்கைகளிலும் ஒப்பந்தங்களிலும் இது வெறும் நடைப் பிழையாக நிற்காது, பொருளையே மாற்றிவிடும் என்பதால் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

'இருந்தாலும்' என்று தொடங்கி 'ஆனால்' என்று தொடர்வது பேச்சுத் தமிழில் பழகியது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வந்த வாக்கியத்தில் 'பட்' வரக்கூடாது. காலத் தொடர்களில் 'ஐந்து ஆண்டுகளாக' என்பதற்கு 'ஃபார்', '2019 முதல்' என்பதற்கு 'சின்ஸ்'. அளவைச் சொன்னால் முதலாவது, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் இரண்டாவது. செயல் இன்னும் தொடர்கிறது என்றால் இவற்றோடு வரும் வினை 'ஹேவ் பீன் வொர்க்கிங்', 'ஹேவ் நோன்' போன்ற 'ஹேவ்' அமைப்பில் இருக்க வேண்டும். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பதில் இரண்டு பிழைகள் உள்ளன. 'இன்று காலை' என்பது 'டுடே மார்னிங்' அன்று, 'திஸ் மார்னிங்'. 'நேற்று இரவு' என்பது 'லாஸ்ட் நைட்'. ஆனால் 'யெஸ்டர்டே மார்னிங்', 'டுமாரோ மார்னிங்' இரண்டும் சரியானவை. இதில் ஒழுங்கு தேட வேண்டாம். மரபு என்று ஏற்றுக்கொண்டு நகர்வதே நல்லது.

'என்னிடம் இருக்கிறது' என்பதன் நிகழ்கால உணர்வே 'ஐ ஆம் ஹேவிங் டூ புக்ஸ்' என்று வெளிப்படுகிறது. உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்' 'இங்' ஏற்காது. 'வி ஆர் ஹேவிங் எ டிஸ்கஷன்' என்று ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கும்போது ஏற்கும். 'திங்கட்கிழமைக்குள்' என்பதில் உள்ள 'உள்' நம்மை 'வித்தின் மண்டே' என்று எழுத வைக்கிறது. 'வித்தின்' கால அளவுக்கு மட்டுமே உரியது: 'வித்தின் த்ரீ டேஸ்'. குறித்த நாளுக்குள் என்றால் 'பை மண்டே'. அந்த நாள்வரை தொடர்ந்து நடக்கும் என்றால் 'அன்டில் மண்டே'.

'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெயின்' போன்றவற்றில் பின்சொல் தேவையற்றது, முன்சொல்லிலேயே அந்தப் பொருள் அடங்கிவிட்டது. 'கோப் அப் வித்' என்பது 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றின் சாயலில் எழுதப்படுவது. சரியான வடிவம் 'கோப் வித்'.

படி 4: இரட்டையர் போலத் தோன்றும் தொடர்களைப் பிரித்தறியுங்கள்

ஒரே சொல் மாறினால் பொருள் மாறும் இணைகள் பல உண்டு. 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்தில். 'இன் டைம்' என்றால் காலம் கடந்துவிடாமல், போதிய நேரம் இருக்கும்போதே. 'அட் தி எண்ட்' என்பதற்குப் பின் பெரும்பாலும் 'ஆஃப்' வந்து எதன் முடிவு என்று சொல்லும். 'இன் தி எண்ட்' தனித்து நின்று 'கடைசியில் பார்த்தால்' என்று பொருள் தரும். 'ஃப்யூ' என்றால் மிகக் குறைவு என்ற குறைபாடு தொனிக்கும். முன்னால் 'எ' சேர்ந்தால் 'சில உண்டு' என்ற நிறைவு வந்துவிடும். பரிந்துரைக் கடிதத்தில் இந்த ஓர் எழுத்து விடுபட்டால், பாராட்ட நினைத்தவரையே குறைத்துச் சொன்னதாக ஆகும்.

கட்டுரை எழுதுவோர் அதிகம் தவறும் இணை 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'ஆன் தி கான்ட்ரரி' என்பது. முதலாவது ஒரே பொருளின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. இரண்டு பக்கங்களும் உண்மையாக இருக்கலாம். இரண்டாவது முன்னர்ச் சொன்ன கருத்தையே மறுக்கிறது. அதற்குப் பின் வருவதே உண்மை, முன் சொன்னது தவறு. ஒரு திட்டம் செலவு மிக்கது, அதே நேரம் நீடித்துப் பயன் தருவது என்று எழுத வேண்டுமானால் முதலாவது. அத்திட்டம் தோற்றுவிட்டது என்று பிறர் சொல்வதை மறுத்து, அது வென்றது என்று நிறுவ வேண்டுமானால் இரண்டாவது. இதைப் போலவே, 'இஃப்' நிபந்தனையைச் சொல்லும். 'இன் கேஸ்' முன்னெச்சரிக்கையைச் சொல்லும். மழை பெய்தால் குடையை எடுத்துக்கொள்வது 'இஃப்'. பெய்யக்கூடும் என்று இப்போதே எடுத்துக்கொள்வது 'இன் கேஸ்'.

படி 5: இடம் அறிந்து எழுதுங்கள்

ஒரு தொடர் இலக்கணப்படி சரியாக இருந்தும் அந்த எழுத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அலுவல் மடல்களில் நாம் விரும்பி எழுதும் 'டூ தி நீட்ஃபுல்' என்பது இந்திய ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. வேறு நாடுகளில் படிப்பவருக்கு அது மிகப் பழமையாகத் தோன்றும், அதைவிட முக்கியமாக, என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பதே சிறந்தது. 'ரிவர்ட்' என்பதைப் 'பதில் எழுது' என்ற பொருளில் நாம் பயன்படுத்துகிறோம். பழைய நிலைக்குத் திரும்புதல் என்பதே அதன் பொதுவான பொருள் என்பதால் 'ரிப்ளை' என்று எழுதினால் எவருக்கும் ஐயம் எழாது. முன்னர்ச் சொன்ன பொருளை 'தி சேம்' என்று சுட்டுவதை விட்டு 'இட்' என்று எழுதலாம்.

பிரித்தானிய வழக்கில் பெயர் குறிப்பிடாமல் 'டியர் சார்' அல்லது 'டியர் மேடம்' என்று தொடங்கிய கடிதம் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்றும், பெயர் சொல்லித் தொடங்கியது 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடியும். அமெரிக்க வழக்கில் 'சின்சியர்லி' என்பதே பொதுவானது. 'வித் ரிகார்ட் டு' என்றால் 'தொடர்பாக'. இறுதியில் 'எஸ்' சேர்ந்த 'ரிகார்ட்ஸ்' வாழ்த்துக்கு உரியது. இரண்டையும் கலந்து 'வித் ரிகார்ட்ஸ் டு' என்று எழுதுவதை முறையான எழுத்தில் தவிர்க்க வேண்டும்.

நீண்ட தொடர் மதிப்பைக் கூட்டும் என்ற எண்ணத்தையும் கைவிடுவது நல்லது. 'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்பதன் வேலையை 'பிகாஸ்' செய்துவிடும். 'அட் திஸ் பாயிண்ட் இன் டைம்' என்பதன் வேலையை 'நௌ' செய்துவிடும். ஒரே பக்கத்தில் இத்தகைய தொடர்கள் பல இருந்தால், சுருக்கிய பிறகு அந்தப் பக்கம் எவ்வளவு தெளிவடைகிறது என்று நீங்களே காணலாம்.

படி 6: காதால் கேட்டு எழுதியவற்றைக் கண்ணால் சரிபாருங்கள்

பேச்சில் கேட்ட தொடரை எழுதும்போது, ஒரே ஒலியுடைய வேறு சொல் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தவறுகிறார்கள். இங்கே தொடரின் பின்னுள்ள படிமத்தை அறிவதே சிறந்த பாதுகாப்பு. 'ஃப்ரீ ரெயின்' என்பதில் வருவது குதிரையின் கடிவாள வாரைக் குறிக்கும் சொல். வாரைத் தளர்த்திக் குதிரையை அதன் போக்கில் விடுவதே படிமம். அரசாட்சியைக் குறிக்கும், 'ஜி' எழுத்துள்ள சொல்லை அங்கே எழுதக் கூடாது. 'டோ தி லைன்' என்பதில் வருவது கால்விரல்; கோட்டில் விரல் பொருந்த நிற்பது. கயிறு கட்டி இழுப்பதைக் குறிக்கும் சொல் அன்று. 'பேட்டட் ப்ரெத்' என்பதில் வருவது 'அபேட்' என்ற சொல்லின் குறுக்கம், அடக்கிய மூச்சு என்று பொருள். தூண்டில் இரையோடு அதற்குத் தொடர்பில்லை. ஆர்வத்தைத் தூண்டுவதைச் சொல்லும் 'பீக்' வேறு, மலைச்சிகரத்தைச் சொல்லும் 'பீக்' வேறு, எட்டிப் பார்ப்பதைச் சொல்லும் 'பீக்' வேறு. ஒலி ஒன்றாயினும் எழுத்து மூன்றுக்கும் வேறுபடும். 'ஷுட் ஹேவ்' என்பது விரைந்து பேசும்போது 'ஷுட் ஆஃப்' என்று காதில் விழும். எழுத்தில் அப்படி ஒரு தொடர் இல்லை.

இடைவெளியும் இடைக்கோடும்கூட இந்தப் படியில் சேர்ந்தவையே. 'எவ்ரி டே' பிரிந்து நின்றால் 'நாள்தோறும்'. சேர்ந்து நின்றால் 'அன்றாட' என்ற அடைமொழி. 'செட் அப்', 'லாக் இன்' ஆகியவை வினையானால் பிரிந்தும் பெயரானால் சேர்ந்தும் எழுதப்படும். 'அப் டு டேட்' பெயருக்கு முன் அடையாக வந்தால் இடைக்கோடுகள் பெறும். வாக்கியத்தின் இறுதியில் பயனிலையாக வந்தால் கோடு வேண்டாம்.

படி 7: இலத்தீன் குறுக்கங்கள்

இது சிறிய பகுதி. 'ஈ.ஜி.' என்பது எடுத்துக்காட்டாக என்று பொருள்படும்; 'ஐ.ஈ.' என்பது அதாவது என்று பொருள்படும். முன்னது பலவற்றுள் சிலவற்றைக் காட்டுகிறது, பின்னது ஒன்றையே வேறு சொற்களால் விளக்குகிறது. 'எட்செட்ரா' என்பதில் 'எட்' என்பதே 'மற்றும்' என்று பொருள்படுவதால் அதன் முன் 'அண்ட்' வேண்டாம், 'ஈ.ஜி.' என்று தொடங்கிய பட்டியல் முழுமையற்றது என்று முன்பே சொல்லிவிட்டதால், அதன் முடிவில் 'எட்செட்ரா'வும் வேண்டாம்.

படி 8: உருவகத் தொடர்களை அளந்து பயன்படுத்துங்கள்

மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் அவற்றை ஒரே பத்தியில் கொட்டிவிட விரும்புவார்கள். முறையான எழுத்தில் அவை மிக அரிதாகவே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதைப் பாடநூல்கள் இன்னும் சொல்லித் தருகின்றன. ஆனால் பொருள்பட எழுத விரும்புபவருக்கு 'ஹெவி ரெயின்' போதும். ஒரு வாக்கியத்தில் கப்பலையும் அடுத்த பாதியில் குதிரையையும் கொண்டுவரும் இரண்டு உருவகங்களைச் சேர்க்கவே கூடாது. உருவகத்தின் பொருளையும் துல்லியமாக அறிய வேண்டும். 'பெக் தி கொஸ்சன்' என்பது, நிறுவ வேண்டிய முடிவையே ஆதாரமாக வைத்து வாதிடும் குற்றத்தைத் தருக்கத்தில் குறித்த தொடர்; இன்று பலர் 'கேள்வியை எழுப்புகிறது' என்ற பொருளில் எழுதுகிறார்கள். அந்தப் பொருள் பரவிவிட்டது உண்மையே. எனினும் கவனமான வாசகர்கள் அதைப் பிழையாகவே கருதுவதால், 'ரெய்ஸ் தி கொஸ்சன்' என்று எழுதினால் இரு சாராரும் ஏற்பர்.

படி 9: ஐயத்தை எங்கே, எப்படித் தீர்ப்பது

தொடரைச் சரிபார்க்க ஆங்கிலம்-தமிழ் அகராதி போதாது; அது பொருளைத் தரும், அமைப்பைத் தராது. இதற்கென்றே கற்போர் அகராதிகள் உள்ளன. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது தம் தோழர்களுடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. வினைக்குப் பின் எது வர வேண்டும் என்பதைச் சொல்லும் வழக்கம் அதிலேயே உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வந்த கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான எழுத்துகளையும் பேச்சையும் ஆராய்ந்து, அவற்றிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தந்தது. இவ்வகை அகராதிகளின் இன்றைய பதிப்புகளை இணையத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம்.

பார்க்கும் முறையும் முக்கியம். தொடரிலுள்ள முதன்மையான பெயரையோ வினையையோ எடுத்து அந்தப் பதிவுக்குச் செல்லுங்கள். பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை முழுதாகப் படியுங்கள். உங்கள் தொடருக்குப் பின் அங்கே பெயர் வருகிறதா, 'இங்' வருகிறதா, வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். பேச்சு வழக்கு, பழவழக்கு போன்ற குறிப்பு ஏதும் உள்ளதா என்றும் கவனியுங்கள். இன்னும் ஐயம் இருந்தால், 10 கோடிச் சொற்களைக் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற தொகுப்பில் தேடலாம். பொதுத் தேடுபொறியில் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவதும் ஒரு வழியே. ஆனால் எத்தனை முடிவுகள் வந்தன என்பதை நம்பாதீர்கள். பிழையான தொடரும் ஏராளமாகக் கிடைக்கும். எழுதியவர் யார், பதிப்பாசிரியர் பார்த்து வெளியிட்ட எழுத்தா என்பதையே பாருங்கள்.

படி 10: குறிப்பேடும் திருத்தும் வரிசையும்

புதிய தொடரைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதன் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைத்தால் பழைய சிக்கல் திரும்ப வரும். படித்த இடத்திலிருந்து அந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். தொடரையும் அதற்கு அடுத்த சொல்லையும் சேர்த்து அடிக்கோடிடுங்கள். அதன் கீழே உங்கள் வேலையோடு தொடர்புடைய வாக்கியம் ஒன்றைச் சொந்தமாக எழுதுங்கள். உங்கள் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளுக்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். எல்லாருக்கும் பொதுவான பிழைப் பட்டியலைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் உதவும். ஏனெனில் ஒருவர் செய்யும் பிழைகளின் வகைகள் பொதுவாகச் சிலவே.

எழுதி முடித்ததும் உடனே திருத்த முயல வேண்டாம். கருத்தில் ஆழ்ந்திருக்கும் மனம் தொடரின் வடிவத்தைப் பார்க்காது. சற்று இடைவெளி விட்டு, முதல் வாசிப்பில் முன்னிடைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லுங்கள். அது ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாதபோதெல்லாம் அகராதியைத் திறங்கள். இரண்டாம் வாசிப்பில் 'டு' வரும் இடங்களையும் 'எ', 'தி' ஆகியவை வர வேண்டிய இடங்களையும் பாருங்கள். மூன்றாம் வாசிப்பை வாய்விட்டுச் செய்யுங்கள். நாக்கு தடுமாறும் தொடருக்கு அருகில் ஒரு கோடிட்டு, முழுதும் படித்து முடித்த பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். எவ்வளவு தேடியும் ஒரு தொடர் உறுதிப்படவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு, நீங்கள் நன்கு அறிந்த எளிய சொற்களால் அதே கருத்தை எழுதுங்கள்.